பாம்பன் பாய்மரமும் பாப்பாவின் மொட்டையும்

பாய்மரத்தில் கயிறு மோதுகிற சத்தம் மனிதரைத் தூங்கவைக்குமா, தூக்கத்தைக் கெடுக்குமா? ராமேஸ்வரம் போய்வந்த நாளிலிருந்து யோசிக்கிறேன். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. இரண்டு பக்கத்துக்கும் என் வீட்டிலேயே சாட்சி இருப்பதுதான் சங்கடம்.

எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கத்தில். கடலைப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் நீல மையாகப் பார்த்ததோடு சரி. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய், கயிறு என்றால் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கிற கமலை வடம். அப்படிப்பட்ட நான் கடலுக்குப் போனது பாப்பாவின் முதல் மொட்டைக்காக. அவள் என் வயிற்றில் இருக்கும்போதே என் மாமியார் ராமேஸ்வரத்தில் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதல் மொட்டைக்கு ஒரு விதி உண்டு. கத்தி பட்டுக் குழந்தையின் தலையில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் சாமி அந்த முடியை ஏற்கவில்லை என்று அர்த்தம். மறுபடி வளர்த்து, மறுபடி போக வேண்டும். என் நாத்தனார் மகனுக்கு இப்படி மூன்று மொட்டை ஆனது. மூன்றாவதில் அவனே நடந்துபோய் உட்கார்ந்தான்.

பாப்பாவுக்கோ பல் முளைக்கிற நேரம். தூக்கம் இல்லை. மடியில் வைத்தால் தலையைப் பம்பரமாகச் சுழற்றுவாள். முழித்திருக்கிற அவள் தலையில் கத்தி வைக்க யாராலும் முடியாது. கிளம்பும்போது மாமியார் வண்டிக்குள் தலையை நீட்டிச் சொன்னார்: "தூங்க வச்சு உக்காரு. முழிச்ச பிள்ளைக்கு மொட்டை போடாத. ரத்தத்தோட வந்துறாத."

அந்தப் பொறுப்பை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு வேறு திட்டம் இருந்தது. பாம்பன் வரைக்கும் ரயில், அங்கிருந்து படகு. "ரயில்ல எல்லாரும்தான் போறாக. ராமர் ரயில்லயா போனாரு?" என்றார்.

"படகுலயும் போகலயே. பாலம்தான கட்டுனாரு? அந்தக் கணக்குக்கு ரயில்தான் கிட்ட வருது," என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படகு என்று முடிவாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

உச்சிப்புளி வருவதற்குள் பெட்டியிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் பாப்பாவைத் தூங்கவைக்கப் பார்த்துத் தோற்றார்கள். ஒருத்தி ஜாதிக்காயை உரசி நாக்கில் தடவச் சொன்னாள். ஒருத்தி ஜாதிக்காயே ஆகாது, வசம்புதான் என்றாள். மூலையில் இருந்த ஒரு அம்மாள், "பிள்ளை முழிச்சிருந்தா முழிச்சிருந்துட்டுப் போகுது, நீ தூங்கு ஆத்தா," என்றார். அதற்குப் பிறகு அவர் மட்டும் தூங்கினார்.

பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இல்லை. எங்கள் ஊர்க் கிணற்றுக்குக்கூடச் சுவர் உண்டு. இத்தனை பெரிய கடலுக்கு ஒரு முழம் சுவர் வைக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தபடி பாப்பாவை ஒரு கையாலும் அவர் சட்டையை மறு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பாம்பனில் சேகு காக்கா காத்திருந்தார். காக்கா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். எங்கள் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறவர். கருவாட்டைவிடக் கடல்கதையை அதிகம் இறக்குவார். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரருக்குப் படகுப் பித்துப் பிடித்தது. என்னை முதல்முதலாகப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி. கடலு உங்களப் பாக்கத்தான் காத்துக் கிடக்கு," என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

மொட்டை முடியும்வரை எங்களுக்கு மீனும் முட்டையும் ஆகாது. காக்காவின் மனைவி பாத்திமா லாத்தா (லாத்தா என்றால் அக்கா) புதுப் பானை எடுத்துத் தேங்காய்ப்பால் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்திருந்தார். சுற்றிலும் ஒவ்வொரு வீட்டிலும் மீன் பொரிகிற மணம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். பக்தி என்று லாத்தா நினைத்துக்கொண்டார்.

பிறகு வட்டலப்பம் என்ற இனிப்பு வந்தது. இரண்டு துண்டு உள்ளே போன பிறகு அவர் கேட்டார்: "இதுல என்னென்ன போடுவீக லாத்தா?"

"தேங்காப்பாலு, கருப்பட்டி, முட்டை…"

மூன்றாவது துண்டு அவர் வாயில் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று என்னைப் பார்த்தார். கடைசியில், "தெரியாமத் தின்னது கணக்குல வராது," என்று விழுங்கினார். விழுங்கும்போது தெரிந்துதானே விழுங்கினார்? அதை நான் கேட்கவில்லை. ஆனால் பயம் வந்துவிட்டது: ரத்தம் வந்தால் அது இந்த மூன்றாவது துண்டால்தான் வரும்.

அன்று கச்சான் காற்று கடுமையாக அடித்தது. மேற்கேயிருந்து வந்து தலைப்பாகையைப் பிடுங்குகிற காற்று. "இன்னைக்குப் பாய் ஏத்த ஏலாது, நாளைக்கிப் போவோம்," என்றார் காக்கா. வீட்டுக்குள் பாப்பா ஓயாமல் அழுததால், கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டிருந்த அவருடைய வத்தைக்கு எங்களை அழைத்துப்போனார். வத்தை என்பது ஒரே பாய்மரமுள்ள சிறு படகு. எங்கள் மாட்டுவண்டி இரண்டு சேர்த்த நீளம் இருக்கும். சாக்கு நிழலில் பாப்பாவைக் கிடத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டொக். டொக்டொக். டொக். கொஞ்சம் விட்டு, டொக்டொக்டொக்.

பாயை மேலே இழுக்கிற கயிற்றுக்கு ஆஞ்சான் என்று பெயர். பாய் இறங்கிக் கிடக்கும்போது ஆஞ்சானுக்கு வேலை இல்லை. வேலையில்லாமல் தொங்குகிற கயிறு, காற்று அடிக்கும்போதெல்லாம் மரத்தை அடிக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று சொல்லவே முடியாது. விழப்போகிறது என்று பல்லைக் கடித்தால் விழாது. விழாது என்று விட்டால் விழும்.

என் மண்டைக்குள் யாரோ கொட்டாங்கச்சி தட்டுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பாப்பா அசையவில்லை. பதறிப்போய் மூக்கில் விரல் வைத்தேன். மூச்சு வந்தது. தூங்குகிறாள்! பட்டப்பகலில்! கடல்காற்று என்றேன். களைப்பு என்றார் அவர். எதுவானாலும், இந்தச் சத்தத்தில் எழுந்துவிடுவாளே!

"காக்கா, இந்தச் சத்தத்த நிறுத்துங்க," என்றேன்.

"எந்தச் சத்தம்?"

"கயிறு அடிக்கிற சத்தம்."

அவர் காதைத் தீட்டிக் கேட்டார். டொக்டொக். "ஒண்ணும் கேக்கலையே தங்கச்சி," என்றார். பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அவருக்குச் சத்தமாகவே இல்லை.

என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். கமலை வடத்தை இறுக்குவதுபோல் ஆஞ்சானை மரத்தோடு சுற்றி இறுக்கினார். டொக் நின்றது. ஆனால் இறுகிய கயிறு காற்றில் 'ம்ம்ம்ம்' என்று முனகத் தொடங்கியது. பாப்பா லேசாக நெளிந்தாள். கொஞ்சம் தளர்த்தினார். மேலே ஒரு இடத்தில் டொக். இன்னும் தளர்த்தினார். எல்லா இடத்திலும் டொக்.

"மாட்டுக் கழுத்து மணி ஆடாம இருக்க நம்ம என்ன செய்வோம்? துணியச் சுத்துவோம்ல? அதான் வழி," என்றார்.

யோசனை நல்லதாகத்தான் பட்டது. பாப்பாவின் துணிகள் போதவில்லை. என் சிவப்புக் கண்டாங்கிச் சேலையைக் கேட்டார். எதற்கும் ஒரு மாற்றுச் சேலை இருக்கட்டும் என்று கொண்டுவந்தது. சேலையைக் கயிற்றோடு முடிந்து, அந்தக் கயிற்றாலேயே மேலே ஏற்றி, மரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் திணிப்பதாகத் திட்டம். ஏறியதும் அது திணிந்து நிற்கவில்லை. கச்சான் காற்றில் பிரிந்து, முழு நீளத்துக்கும் படபடவென்று பறந்தது.

டொக் சத்தம் நின்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதே நொடியில் பாப்பா கண்ணைத் திறந்து வீறிட்டாள்.

அதைவிட மோசம் கரையில் நடந்தது. அந்தப் பக்கத்துக் கடலில், உயிருக்கு ஆபத்தென்றால் படகுக்காரர்கள் மரத்தில் துணி ஏற்றிக் காட்டுவார்களாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரில் பாய்ந்தார்கள். திரும்பி வந்துகொண்டிருந்த படகுகள் எங்களைப் பார்த்து வளைந்தன. முதலில் வந்தவர் பிச்சை என்ற மீனவர். மூச்சு வாங்க வத்தையின் விளிம்பைப் பிடித்தார்.

"ஏலே சேகு! உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்ல. உனக்கென்ன?"

"பின்ன எதுக்குலே சேலைய ஏத்தி வச்சிருக்க?"

"சத்தம் கேக்குதாம்."

"என்ன சத்தம்?"

"அதான் எனக்கும் தெரியல."

அவமானத்தோடு என் வீட்டுக்காரர் சேலையை இறக்கினார். டொக். டொக்டொக். பாப்பாவின் வாய் பாதி அழுகையில் மூடியது. கண் சொருகியது. தூங்கிவிட்டாள். தண்ணீரில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"புள்ளைக்குப் புரியுது, பெத்தவுகளுக்குப் புரியல," என்று சொல்லிவிட்டுப் பிச்சை கரைக்கு நடந்தார்.

மறுநாள் காற்று தணிந்தது. பாய் ஏற்றினோம். வத்தை ஜோராகக் கிளம்பியது, தீவின் கரையை ஒட்டி. பனைமரங்கள் எங்கள் ஊர்ப் பனைமரங்கள்தான். ஆனால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, யாரோ கூப்பிட்டுத் திரும்பியதுபோல் நின்றன. அதை ரசிக்க விடாமல் பாப்பா அலறத் தொடங்கினாள்.

காரணம் எனக்குச் சீக்கிரமே விளங்கியது. பாய் ஏறியதும் ஆஞ்சான் விறைத்துவிடுகிறது. விறைத்த கயிறு மரத்தில் மோதாது. பாய் ஏறினால் படகு போகும், பாப்பா அழுவாள். பாய் இறங்கினால் பாப்பா தூங்குவாள், படகு நிற்கும்.

"கொஞ்சம் இறக்குங்க காக்கா," என்பேன். இறக்குவார். தூங்குவாள். படகு இருந்த இடத்திலேயே ஆடும். "இப்ப ஏத்துங்க," என்பார் என் வீட்டுக்காரர். ஏற்றுவார். அலறுவாள். இப்படியே பல தடவை ஆனதும் காக்கா கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இந்தக் கணக்குல போனா ராமேஸ்வரத்துல மொட்டை போட முடியாது. நேரா கல்யாணந்தான்."

அதற்கு மேல் என் வீட்டுக்காரர் ஒரு உபரிக் கயிற்றை எடுத்து மரத்தில் தானே தட்டினார். டொக், டொக், டொக், டொக். பாப்பா இன்னும் ஓங்கி அழுதாள். அவர் தட்டியது ஒரே சீராக, பள்ளிக்கூடத்து டிரில்போல இருந்தது. காற்றுக்குத் தாளம் தெரியாது. அவருக்குத் தெரியும். அதுதான் கோளாறு. தோள்பட்டை கழன்றுபோக, ராமேஸ்வரம் தெரியும்வரை தட்டினார். ராமேஸ்வரத்தில் இறங்கும்போது மூன்று பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அழுதது ஒருத்திதான்.

மூன்றாம் நாள் காலை மொட்டை. பாப்பாவைத் தோளில் போட்டுக் கடற்கரையில் நடந்தேன், பாடினேன், ஆட்டினேன். தூங்கவில்லை. நாவிதர் பார்த்துவிட்டு, "இந்தத் தலையில கத்தி வச்சா என் கை தங்காதும்மா. தூங்கட்டும்," என்று பீடி பற்றவைத்தார். எனக்கு அழுகை வந்தது. மூன்று மொட்டை போட்ட நாத்தனார் மகன் கண்முன்னே வந்தான். வட்டலப்பமும் வந்தது.

"வத்தைக்கே போயிருவோம்," என்றேன்.

நாவிதர் மறுத்தார். "ஆடுற படகுல கத்தி எடுக்க மாட்டேன். காது போயிரும்."

காக்கா கரையிலிருந்த நாலு பேரைக் கூப்பிட்டு வத்தையை மணலுக்கு இழுத்தார். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்ததும் அது ஆடாமல் நின்றது. பாய் இறங்கியிருந்தது. காற்று இருந்தது. டொக். டொக்டொக். பாப்பாவின் தலை என் தோளில் சாய்ந்தது.

அடுத்த சிக்கல்: மொட்டைக்குத் தாய்மாமன் மடி வேண்டும். என் அண்ணன் கொழும்பில் இருக்கிறான், வர முடியவில்லை. அப்பா மடி போதாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது காக்கா வத்தைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சின்னு கூப்பிட்டாச்சு. அப்ப நான்தான மாமன்? கொண்டாங்க இங்கன."

இது விதிக்கு உட்பட்டதா என்று நான் நாவிதரைப் பார்த்தேன். "மடி அகலமா இருக்கு, அது போதும்," என்றார் அவர்.

முடி விழ ஆரம்பித்தது. ஒரு பக்கம் முடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது காற்று நின்றது. கடற்கரையில் காற்று நிற்குமா என்று கேட்காதீர்கள், நின்றது. கயிறு மரத்தோடு ஒட்டித் தொங்கியது. பாதித் தலை மொட்டை, பாதித் தலை முடி, நடுவில் கத்தி. பாப்பாவின் புருவம் சுருங்கியது.

என் வீட்டுக்காரர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். டொக், டொக், டொக், டொக்.

"மாப்ளே, விறகா வெட்டுறீக?" என்றார் காக்கா, உதடு அசையாமல். பாப்பாவின் உதடு பிதுங்கியது. நாவிதர் கத்தியை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உறைந்திருந்தார்.

கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அந்தச் சத்தத்தை இரண்டு நாளாக ஒவ்வொரு அடியாக வெறுத்துக் கேட்டவள் நான். அடுத்தது எப்போது விழும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தவள். டொக். டொக்டொக். நிறுத்தினேன். எனக்கே பொறுக்க முடியாத நேரம் வரை நிறுத்தினேன். டொக். உடனே டொக்டொக்டொக்.

பாப்பாவின் புருவம் நிமிர்ந்தது. பெருமூச்சு விட்டாள்.

"அப்படியே அடிம்மா, விட்டுறாத," என்றார் நாவிதர். மீதித் தலையை முடித்தார். கடைசி வழிப்பில் நான் குனிந்து பார்த்தேன். உச்சந்தலையில் ஒரு சிவப்புச் சொட்டு.

கயிறு என் கையிலிருந்து நழுவியது. "ரத்தம்!" என்றேன்.

நாவிதர் தன் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். "என்னுதும்மா. உன் சத்தத்தக் கேட்டுக்கிட்டே வழிச்சதுல லேசாக் கண் அசந்துட்டேன்."

துடைத்துப் பார்த்தோம். பாப்பாவின் தலை வெள்ளரிப்பழம்போல் கீறலில்லாமல் இருந்தது. சந்தனம் பூசினோம். எழுந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். காக்காவின் வேட்டி முழுக்க முடி.

மாமன் என்று உட்கார்ந்தபின் சீர் செய்யாமல் விட மாட்டேன் என்றார் காக்கா. வத்தையில் என்ன இருக்கும்? பழைய ஆஞ்சானில் ஒரு நீளம் வெட்டி, பாக்கு வெற்றிலையோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். "வீட்டுல ஒரு மூங்கில நட்டுக் கட்டுங்க. மருமக தூங்கட்டும்."

ரயிலிலேயே ஊர் திரும்பினோம். மாமியார் பாப்பாவை வெயிலில் பிடித்து, தலையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். மறைக்க மனமில்லாமல் நாவிதரின் விரலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பாப்பாவின் தலையை இன்னொரு தடவை தடவினார்.

"அப்ப அவன்தான் மறுபடி மொட்டை போட்டுக்கணும். நமக்கில்ல. சரி, மாமன் சீரு என்ன?"

கயிற்றைக் காட்டினேன்.

முற்றத்தில் மூங்கில் நட்டோம். சாதாரணமாகப் படகுக்குப் புதிதாகப் போகிறவர்கள் இந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் கற்றுக்கொள்வார்களாம். கயிற்றை இழுத்து, மரத்தை விட்டு விலக்கி, ஓரத்தில் கட்டிவிட்டால் போதுமாம். நாங்கள் தலைகீழாகக் கற்றோம். எவ்வளவு தளர்த்தினால் டொக், எவ்வளவு தளர்த்தினால் டொக்டொக் என்று என் வீட்டுக்காரர் தேர்ந்துவிட்டார். காற்றில்லாத நாளில் நான் நின்று தட்டினேன். எனக்குக் கை ஓய்ந்தால் மாமியார் தட்டினார். என்னைவிட நன்றாகவே தட்டினார். 'என்ன, வீட்டுல தச்சு வேல ஓயவே மாட்டேங்குது?' என்று தெருவில் கேட்டார்கள்.

போன வாரம் பாப்பாவுக்குப் பல் வெளியே வந்துவிட்டது. கயிறு அசையாத ஒரு மத்தியானம் அவளாகவே தூங்கினாள். சந்தோஷமாகக் கயிற்றை அவிழ்த்து வைத்தோம். பாப்பா அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். நான் தூங்கவில்லை. என் வீட்டுக்காரர் புரண்டுகொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து மாமியார், "ஏத்தா, முழிச்சிருக்கியா?" என்றார்.

மறுநாள் கயிற்றைக் கட்டினோம். எங்கள் மூன்று பேருக்கும் கண்ணைச் சுழற்றியது. முதல் டொக் கேட்டதும் பாப்பா எழுந்து உட்கார்ந்து வீறிட்டாள். இப்போது அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது.

கட்டினால் அவள் தூங்கவில்லை, அவிழ்த்தால் நாங்கள் தூங்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துப் பார்த்தோம், எல்லோருக்கும் கண் சிவந்ததுதான் மிச்சம். பெரியவர்களை ஒரு கயிற்றுச் சத்தத்திலிருந்து மீட்க ஏதாவது கைமருந்தோ வழியோ தெரிந்த தாய்மார்கள் எழுதுங்கள். ஜாதிக்காயும் வசம்பும் பார்த்தாயிற்று. கயிற்றை அவிழ்த்து எறி என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். என் மாமியார் இதைச் சொல்லச் சொன்னார்.